இணையத் தொலைபேசியும் திறந்த வலையமைப்பும்: நிறுவனங்கள் சொன்னதும் செய்ததும் (கேள்வி பதில்)

ஸ்கைப், கூகுள் வாய்ஸ், ஃபேஸ்டைம், வாட்ஸ்அப் என்று 2003 முதல் வந்த அழைப்புச் சேவைகளைச் சுற்றி எத்தனையோ மனுக்கள், புகார்க் கடிதங்கள், வழக்குகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் 'திறந்த வலையமைப்பு' என்ற கோரிக்கை ஏதாவதொரு வடிவில் இருக்கும். அப்படிக் கேட்ட நிறுவனங்கள் தங்கள் முறை வந்தபோது என்ன செய்தன என்பதைத்தான் இங்கே கேள்வி பதிலாகத் தந்திருக்கிறேன். பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. இந்தியாவைப் பற்றிய கேள்விகள் பிற்பகுதியில் வருகின்றன.

திறந்த வலையமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

இணையம் வழியாகப் போகும் ஓர் அழைப்பு மூன்று இடங்களைத் தாண்ட வேண்டும். முதலாவது, டேட்டாவைச் சுமக்கும் நிறுவனம். அது பிராட்பேண்டாக இருக்கலாம், மொபைலாக இருக்கலாம். இரண்டாவது, கையில் இருக்கும் போனும் அதன் ஆப் ஸ்டோரும். மூன்றாவது, அழைப்புச் சேவை. நீங்கள் ஒரு சேவையிலும் உங்கள் அக்கா வேறொரு சேவையிலும் இருந்தால் இருவரும் பேச முடியுமா என்பதை இந்த மூன்றாவது இடம்தான் தீர்மானிக்கிறது.

மூன்று இடத்திலும் யாரோ ஒருவரிடம் சாவி இருக்கிறது. முதல் இடத்தில் மட்டும் தடை இல்லாவிட்டால் போதும், அதுவே திறந்த இணையம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மின்னஞ்சல் போகிறது. சென்னையில் இருக்கும் பி.எஸ்.என்.எல். லேண்ட்லைனிலிருந்து லண்டனில் எந்த நிறுவனத்தின் எண்ணையும் கூப்பிடலாம். ஆனால் வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமைக் கூப்பிட முடியாது. தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல. அழைப்பை ஏற்படுத்தும் பொது நெறிமுறையான (புரோட்டோகால்) எஸ்.ஐ.பி. 1999-லேயே வெளியாகி, 2002-ல் திருத்தப்பட்டு, உலகம் முழுக்க அலுவலக போன்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே நான் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறேன். சாவி தன்னிடம் இல்லாத இடத்தில் என்ன கேட்டது? சாவி தன்னிடம் இருந்த இடத்தில் என்ன செய்தது?

இந்தச் சண்டை எப்போது தொடங்கியது?

இணையத்துக்கு முன்பே. டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர் இருவழி ரேடியோவைத் தொலைபேசியோடு இணைக்கும் 'கார்ட்டர்போன்' என்ற கருவியைச் செய்து விற்றார். தன் கம்பியில் வெளியார் கருவி எதையும் சேர்க்கக் கூடாது என்று பெரிய தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி தடுத்தது. 1968-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. கார்ட்டர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வலையமைப்புக்குக் கெடுதல் செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்றாகிவிட்டது. பதில் சொல்லும் கருவி, ஃபேக்ஸ், மோடம் எல்லாம் அந்தக் கதவு வழியாக வந்தவைதான்.

1995-ல் வோக்கல்டெக் என்ற இஸ்ரேல் நிறுவனம் கணினியிலிருந்து கணினிக்குப் பேசும் மென்பொருளைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சிறிய தொலைதூர அழைப்பு நிறுவனங்களின் சங்கம் ஒன்று, இப்படிப்பட்ட மென்பொருள் விற்பனையை நிறுத்தச் சொல்லி எஃப்.சி.சி.யிடம் மனு கொடுத்தது. ஏடி அண்ட் டி போன்ற பெரிய நிறுவனத்தோடு போட்டி போட்டு வளர்ந்த நிறுவனங்கள் இவை. தங்களுக்குக் கீழே இன்னொரு போட்டி முளைத்ததும் அரசிடம் தடை கேட்டன. மனு நிறைவேறவில்லை.

2005-ல் வட கரோலினாவில் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம் வோனேஜ் என்ற இணையத் தொலைபேசிச் சேவையின் அழைப்புகளைத் தன் இணைய இணைப்பில் தடுத்தது. எஃப்.சி.சி. தலையிட்டதும் 15,000 டாலர் கட்டி, இனித் தடுக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டது. தொகை சின்னதுதான். ஆனால் வலைச் சமநிலை, அதாவது டேட்டா நிறுவனம் எந்தச் சேவையையும் பாகுபாடு இல்லாமல் நடத்த வேண்டும் என்ற கொள்கை பற்றிப் பின்னால் நடந்த எல்லா விவாதங்களிலும் இந்த வழக்கு மேற்கோளாக வந்துகொண்டே இருந்தது.

ஸ்கைப் 2007-ல் என்ன கேட்டது?

2003-ல் தொடங்கிய ஸ்கைப்பை 2005-ல் ஈபே 260 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. 2007 பிப்ரவரியில் ஸ்கைப் எஃப்.சி.சி.யிடம் ஒரு மனு போட்டது: கார்ட்டர்போன் தீர்ப்பை மொபைல் வலையமைப்புகளுக்கும் விரிவாக்குங்கள், வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த போனையும் மென்பொருளையும் எந்த மொபைல் நிறுவனத்திலும் பயன்படுத்தட்டும் என்று.

கோரிக்கை நியாயமானது. இன்றும் அப்படித்தான் சொல்வேன். அப்போது அமெரிக்காவில் எந்த போனை விற்பது, அதில் எந்த மென்பொருள் ஓடுவது என்பதையெல்லாம் மொபைல் நிறுவனங்களே முடிவு செய்தன. மொபைல் நிறுவனங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. 2008 ஏப்ரலில் அன்றைய எஃப்.சி.சி. தலைவர் கெவின் மார்ட்டின், மனுவைத் தள்ளுபடி செய்ய முன்மொழியப்போவதாக அறிவித்தார். நிறுவனங்கள் தாங்களாகவே திறந்துகொண்டு வருகின்றன, விதி தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

சரி, ஸ்கைப் தானே திறந்ததாக இருந்ததா?

இல்லை. கடைசிவரை இல்லை.

ஸ்கைப்பின் நெறிமுறை அதற்கே சொந்தமானது, வெளியிடப்படாதது. எஸ்.ஐ.பி. கையெட்டும் தூரத்தில் இருந்தும் அதைத் தன் சேவையின் அடிப்படையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கைப் பயனரோடு இலவசமாகப் பேச நீங்களும் ஸ்கைப்பில் சேர வேண்டியிருந்தது. வேறொரு நிறுவனம் தன் பயனர்களையும் ஸ்கைப் பயனர்களையும் சமமாக இணைக்கும் வழி எதுவும் இருக்கவில்லை.

2010-ல் நடந்த இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள்.

முதலாவது, அமெரிக்க மொபைல் நிறுவனமான வெரைசனோடு போட்ட ஒப்பந்தம். அந்த ஆண்டு மார்ச்சில் வெரைசன் போன்களுக்கென்று தனியாக ஒரு ஸ்கைப் ஆப் வந்தது. அமெரிக்காவுக்குள் சாதாரண எண்களுக்குப் போகும் அழைப்புகள் ஸ்கைப் வழியாகப் போகவில்லை. வெரைசனின் வழக்கமான குரல் சேவை வழியாகப் போய் மாதாந்தர நிமிடக் கணக்கில் கழிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் பொதுவான ஆண்ட்ராய்டு ஆப் வந்தபோது, அமெரிக்காவில் அதன் அழைப்புகள் வைஃபையில் மட்டுமே இயங்கின. ஆண்ட்ராய்டு போனில் 3ஜி வழியே ஸ்கைப் அழைப்பு வேண்டுமென்றால் வெரைசனுக்குப் போக வேண்டியிருந்தது. எந்த மென்பொருளும் எந்த வலையமைப்பிலும் ஓட வேண்டும் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் மனுப் போட்ட அதே நிறுவனம், தன் ஆண்ட்ராய்டு மென்பொருளின் முழுப் பயனை ஒரே ஒரு வலையமைப்புக்கு ஒதுக்கிக் கொடுத்தது.

இரண்டாவது, ஃப்ரிங். பல சேவைகளை ஒரே ஆப்பில் இணைத்துக் கொடுத்த இஸ்ரேல் நிறுவனம் அது. ஐபோன் 4 வந்த சூட்டில், ஜூலை மாதம், ஸ்கைப் பயனர்களோடு வீடியோவில் பேசும் வசதியை ஃப்ரிங் கொடுத்தது. சில நாட்களில் ஸ்கைப் இணைப்பு நின்றுபோனது. ஸ்கைப் தங்களைத் தடுத்துவிட்டது, வழக்குப் போடுவதாக மிரட்டியது என்றது ஃப்ரிங். நாங்கள் தடுக்கவில்லை, எங்கள் விதிமுறைகளை மீறினார்கள், எங்கள் பெயர் கெடுகிறது என்றது ஸ்கைப். யார் கை பொத்தானை அழுத்தியது என்பதில் இருவரும் முரண்பட்டார்கள். ஆனால் ஸ்கைப்பின் சம்மதம் இல்லாமல் யாரும் ஸ்கைப் பயனரை அடைய முடியாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மொபைல் நிறுவனங்கள் 2007-ல் ஸ்கைப்புக்கு எதிராகச் சொன்ன வாதமும் இதேதான்: இது எங்கள் வலையமைப்பு, தரத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு, யாரை விடுவது என்று நாங்கள் முடிவு செய்வோம்.

தரம், பாதுகாப்பு என்ற காரணங்களில் உண்மையே இல்லையா?

இருக்கிறது. திறந்த எஸ்.ஐ.பி. வழியில் வைத்திருக்கும் சர்வர்களைத் திருடர்கள் நாள்தோறும் தட்டிப் பார்க்கிறார்கள். கடவுச்சொல் பலவீனமாக இருந்தால் ஒரே இரவில் வெளிநாட்டு எண்களுக்கு லட்சக்கணக்கில் அழைப்புக் கட்டணம் ஏறிவிடும். மூடிய சேவையில் இதைக் கட்டுப்படுத்துவது எளிது. ஸ்கைப்பில் குரல் அந்தக் காலத்திலேயே நன்றாக இருந்தது, பெரும்பாலான ஃபயர்வால்களைத் தாண்டிப் போனது, தனி அமைப்பு எதுவும் தேவைப்படவில்லை. சாதாரண மக்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை.

ஸ்கைப் பொதுவில் கொடுத்த ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். அது உருவாக்கிய சில்க் என்ற குரல் சுருக்க முறை, ஓபஸ் என்ற திறந்த தரத்துக்குள் சேர்ந்தது. 2012-ல் வெளியான ஓபஸ்தான் இன்று பிரவுசர் வழி அழைப்புகள் பெரும்பாலானவற்றில் குரலைச் சுமக்கிறது.

ஆனால் தரமும் பாதுகாப்பும் உண்மையான காரணங்கள் என்றால், ஏடி அண்ட் டி சொல்லும்போதும் அவை உண்மைதானே? அடுத்தவர் சொன்னால் சாக்கு, நாம் சொன்னால் நியாயம் என்பது நிற்காது.

கூகுள் வாய்ஸ் விவகாரம் என்ன? ஆப்பிள், ஏடி அண்ட் டி, கூகுள் மூன்றும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டன என்கிறார்களே?

2009 கோடையில் நடந்தது இது. மூன்று நிறுவனங்களும் எஃப்.சி.சி.க்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பதில்கள் பொதுவில் வந்ததால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கூகுள் வாய்ஸ் உங்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, உங்கள் எல்லா போன்களிலும் அதை ஒலிக்க வைக்கும் சேவை. அதன் ஐபோன் ஆப்பை ஆப்பிள் தன் ஸ்டோரில் விடவில்லை. ஜூலை கடைசியில் எஃப்.சி.சி. மூவருக்கும் கடிதம் போட்டு விளக்கம் கேட்டது. நாங்கள் நிராகரிக்கவில்லை, இன்னும் பரிசீலிக்கிறோம் என்றது ஆப்பிள். கூகுளின் பதிலில் அந்தப் பகுதி முதலில் மறைக்கப்பட்டிருந்தது. செப்டம்பரில் மறைப்பு நீங்கியபோது, ஐபோனின் டயலர் வேலையையே அதுவும் செய்கிறது என்று சொல்லி ஆப்பிளின் ஃபில் ஷில்லர் நேரடியாகவே நிராகரித்தார் என்று இருந்தது. ஆப் கடைசியில் 2010 நவம்பரில்தான் வந்தது.

எங்களுக்கு இதில் பங்கே இல்லை என்றது, ஐபோனுக்கு மொபைல் இணைப்புக் கொடுத்த ஏடி அண்ட் டி. ஆனால் அதே விசாரணையில் இன்னொன்று வெளிவந்தது. ஏடி அண்ட் டி அனுமதி இல்லாமல் அதன் மொபைல் வலையமைப்பில் இணைய அழைப்பு செய்யும் வசதியை ஐபோனில் சேர்க்கமாட்டோம் என்று ஆப்பிள் அதோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் வந்த ஸ்கைப்பின் ஐபோன் ஆப் வைஃபையில் மட்டும் ஓடியது இதனால்தான். விசாரணை சூடுபிடித்த பிறகு, அக்டோபரில், 3ஜியிலும் அனுமதிப்பதாக ஏடி அண்ட் டி அறிவித்தது.

இதற்கு நடுவே செப்டம்பர் 25 அன்று ஏடி அண்ட் டி கூகுள் மீது திருப்பி ஒரு புகார்க் கடிதம் அனுப்பியது. வலைச் சமநிலை பேசும் கூகுளே தன் வாய்ஸ் சேவையில் சில கிராமப்புற எண்களுக்கு அழைப்பு போகாமல் தடுக்கிறது, இது என்ன நியாயம் என்று.

குற்றச்சாட்டு உண்மை. கூகுள் மறுக்கவே இல்லை.

கிராமப்புற எண்களை ஏன் தடுக்க வேண்டும்?

அமெரிக்காவில் ஓர் அழைப்பு எந்த ஊரில் முடிகிறதோ, அந்த ஊர்த் தொலைபேசி நிறுவனத்துக்கு அழைத்தவரின் நிறுவனம் அப்போது கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. மக்கள் குறைவான ஊர்களுக்கு இந்தக் கட்டணத்தை அதிகமாக வைத்திருந்தார்கள். கிராமத்துக்கும் தொலைபேசி போய்ச் சேர வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஐயோவா போன்ற மாநிலங்களில் சில சிறிய நிறுவனங்கள் இதையே தொழிலாக்கின. இலவச கான்ஃபரன்ஸ் அழைப்பு, ஆபாச அரட்டை நடத்துபவர்களைத் தங்கள் ஊர் எண்ணில் குடியேற்றி, குவியும் அழைப்புகளுக்கான கட்டணத்தை அவர்களோடு பங்கிட்டுக்கொண்டன.

கூகுள் வாய்ஸ் உள்நாட்டு அழைப்பை இலவசமாகக் கொடுத்ததால் இந்தச் செலவு கூகுள் தலையில் விழுந்தது. அதனால் தடுத்தது. அக்டோபர் கடைசியில் கொடுத்த பதிலில், தடை 100-க்கும் குறைவான குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும்தான் என்றது. நாங்கள் மரபான தொலைபேசி நிறுவனம் அல்ல, இலவச மென்பொருள் சேவை, அந்த விதிகள் எங்களுக்குப் பொருந்தாது என்றும் வாதிட்டது.

ஏடி அண்ட் டி கையும் சுத்தமில்லை. 2007-ல் ஏடி அண்ட் டியின் மொபைல் பிரிவும் ஸ்பிரிண்ட், குவெஸ்ட் ஆகியவையும் இதே ஐயோவா எண்களை இதே காரணத்துக்காகத் தடுத்திருந்தன. தொலைபேசி நிறுவனங்கள் அப்படித் தடுக்கக் கூடாது என்று அந்த ஆண்டு ஜூனில் எஃப்.சி.சி. சொன்ன பிறகுதான் அந்த வழி அடைபட்டது. 2009-ல் அது கேட்டது கிராம மக்களின் நன்மையை அல்ல. தனக்கு இருக்கும் கட்டு கூகுளுக்கும் வேண்டும் என்பதையே கேட்டது.

இதில் யார் பக்கம் நியாயம்?

சட்டப்படி கூகுளின் வாதத்துக்கு அடிப்படை இருந்தது. கட்டணச் சுரண்டலும் உண்மை, எஃப்.சி.சி.யே 2011-ல் அந்தக் கட்டண முறையை மாற்றத் தொடங்கியது. ஆனாலும் என் பார்வையில் கூகுள் இதில் தன் பேச்சைத் தானே பலவீனமாக்கிக்கொண்டது. எந்த எண்ணுக்கு அழைப்பு போகும் என்பதைச் சேவை நடத்துபவர் தன் செலவைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், எந்த டேட்டாத் துண்டு (பாக்கெட்) போகும் என்பதை டேட்டா நிறுவனம் தன் செலவைப் பார்த்து ஏன் முடிவு செய்யக் கூடாது? இந்தக் கேள்விக்கு கூகுளிடமிருந்து நேரான பதில் வரவில்லை. நாங்கள் வேறு ரகம் என்பதுதான் பதிலாக இருந்தது.

கூகுள் வலைச் சமநிலைக்காகப் போராடிய நிறுவனம்தானே?

போராடியது, சில இடங்களில் உண்மையாகவே. 2007-ல் 700 மெகாஹெர்ட்ஸ் மொபைல் அலைவரிசை ஏலத்துக்கு முன், எந்தக் கருவியும் எந்த ஆப்பும் ஓடலாம் என்பது உட்பட நான்கு நிபந்தனைகளை ஏற்றால் குறைந்தது 460 கோடி டாலருக்கு ஏலம் கேட்கிறேன் என்றது. எஃப்.சி.சி. இரண்டை ஏற்றது. எதிர்த்து வழக்குப் போட்ட வெரைசன் பிறகு அதை விட்டுவிட்டு, அந்த அலைவரிசையைத் தானே எடுத்தது.

அப்புறம் 2010 ஆகஸ்ட். கூகுளும் அதே வெரைசனும் சேர்ந்து ஒரு சட்ட முன்மொழிவை வெளியிட்டன. கம்பிவழி இணையத்துக்குச் சமநிலை விதிகள் வேண்டும். மொபைல் இணையத்துக்கு, வெளிப்படைத்தன்மையைத் தவிர, இப்போதைக்கு வேண்டாம். ஆண்ட்ராய்டு போன்களை அமெரிக்காவில் முன்னின்று விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் வெரைசன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் கூகுள் திறக்கச் சொன்னதே மொபைல் வலையமைப்பைத்தான். இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் ஏமாற்றம் தந்தது இதுதான்.

வெரைசனோ அந்த ஏல நிபந்தனையையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. போனின் இணையத்தை மடிக்கணினிக்குப் பகிரும் ஆப்களைத் தடுக்கச் செய்ததற்காக 2012-ல் 12.5 லட்சம் டாலர் கட்டி எஃப்.சி.சி. விசாரணையை முடித்துக்கொண்டது.

கூகுள் டாக் ஒரு காலத்தில் திறந்ததாக இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2005-ல் வந்த கூகுள் டாக், எக்ஸ்.எம்.பி.பி. என்ற பொது நெறிமுறையில் கட்டப்பட்டது. 2006 ஜனவரியில் மற்ற சர்வர்களோடும் இணைய அனுமதித்தது. உங்கள் வீட்டில் ஒரு சர்வர் வைத்துக்கொண்டு ஜிமெயில் பயனரோடு அரட்டை அடிக்க முடிந்த காலம் அது. குரல் அழைப்புக்கான நீட்சியையும் கூகுள் அந்த நெறிமுறையை உருவாக்கியவர்களின் சமூகத்தோடு சேர்ந்தே உருவாக்கியது.

2013 மே மாதம், கூகுளின் ஆண்டு மாநாட்டு மேடையில் அதன் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி லேரி பேஜ் மைக்ரோசாஃப்டைக் குறை சொன்னார். அந்த வாரம்தான் மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் மின்னஞ்சலில் கூகுள் அரட்டையை இணைத்திருந்தது. எங்கள் திறந்த கதவைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள், பதிலுக்குத் தங்கள் கதவைத் திறக்கவில்லை என்பது அவர் வருத்தம். அது நியாயமான வருத்தம். ஆனால் அதே நாள், அதே மாநாட்டில் வந்த கூகுளின் புதிய அரட்டைச் சேவையான ஹேங்கவுட்ஸ், வெளி சர்வர்களோடு இணையும் வசதி இல்லாமல் வந்தது. வசதியை நம்பித் தங்கள் சர்வர்களை நடத்திய சின்னச் சின்ன அமைப்புகளுக்கு, ஜிமெயிலில் இருக்கும் நண்பர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

ஃபேஸ்டைம்?

2010 ஜூனில் அதை அறிமுகம் செய்த மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், நாளையிலிருந்தே தர அமைப்புகளிடம் போகிறோம், இதைத் திறந்த தரமாக்கப் போகிறோம் என்றார். நடக்கவில்லை. வர்நெட்எக்ஸ் நிறுவனத்தின் காப்புரிமை வழக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த வழக்கில் 2012-ல் ஆப்பிளுக்கு எதிராக 36.8 கோடி டாலர் தீர்ப்பு வந்தது நிஜம். 2021-ல் ஆண்ட்ராய்டு, விண்டோஸ் பயனர்கள் பிரவுசர் வழியே அழைப்பில் சேர லிங்க் கொடுத்தார்கள். ஐபோன்காரர் கூப்பிட்டால் சேரலாம், அவ்வளவுதான்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே கூச்சல் பெரும்பாலும் முதல் இடத்தில், அதாவது டேட்டா நிறுவனங்களிடமிருந்து வந்தது. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணைய அழைப்புக்குச் சாதாரண டேட்டா பேக் செல்லாது, தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் நிறுத்திவைத்தது. 2015 மார்ச்சில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட ஆலோசனை அறிக்கைக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது என்று டிராய் தடை போட்டது. 2018-ல் வலைச் சமநிலைக் கொள்கையை மத்திய அரசு ஏற்றது. பொதுமக்கள் எழுதி வாங்கிய வெற்றி அது.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாதம், ஒரே சேவைக்கு ஒரே விதி என்பது. நாங்கள் உரிமக் கட்டணம் கட்டுகிறோம், அலைவரிசை வாங்குகிறோம், ஆப்கள் எங்கள் முதுகில் சவாரி செய்கின்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டேட்டாவுக்கு வாடிக்கையாளர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். இன்னொன்றையும் பாருங்கள். 2019 கடைசியில் ஏர்டெலும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை அழைப்பைக் கொண்டுவந்தன. மொபைல் சிக்னல் இல்லாத வீட்டுக்குள், வேறு யாரோ கொடுத்த பிராட்பேண்ட் மீது ஏறி ஜியோ அழைப்பு போகிறது. அந்த பிராட்பேண்ட் நிறுவனத்துக்கு ஜியோ தனிக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அதே நியாயம் வாட்ஸ்அப் அழைப்புக்கும் பொருந்த வேண்டும்.

நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே எப்படி நடந்துகொண்டன என்பதற்கு 2016 சாட்சி. ஜியோ தொடங்கியபோது அதன் அழைப்புகளில் பெரும்பாலானவை மற்ற நிறுவனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. போதிய இணைப்பு முனைகளை வேண்டுமென்றே தரவில்லை என்று முடிவு செய்த டிராய், ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப் பரிந்துரைத்தது.

துபாயில் இருக்கும் என் அண்ணனால் வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியவில்லையே, அதுவும் இந்த ரகம்தானா?

அது வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெற்ற செயலிகளில் மட்டுமே இணைய அழைப்புக்கு அனுமதி. அங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்களான எதிசலாத், டு இரண்டும் 2018 தொடக்கத்தில் அதற்கென மாதம் 50 திர்ஹாம் பேக் விற்றன. ஊரில் இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச ஒரு கூலித் தொழிலாளி தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. எனக்கு அது கொடுமையாகவே படுகிறது. ஆனால் அங்கே யாரும் திறந்த வலையமைப்பு என்று பேசிக்கொண்டு அதைச் செய்யவில்லை.

லாபம் பார்க்கும் நிறுவனம் தன் லாபத்தைப் பார்ப்பதில் என்ன தப்பு?

லாபம் பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. மூடிய சேவை நடத்துவதும் குற்றமில்லை. ஒரு நிறுவனம் பொதுநலன் என்ற பெயரில் அரசிடம் போய், அடுத்தவரைக் கட்டுப்படுத்தும் விதியைக் கேட்கும்போது கணக்கு மாறுகிறது. அதே பொதுநலன் தன்னையும் கட்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்கைப் மனுவில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், மற்ற அழைப்புச் சேவைகளோடு நாங்களும் இணைவோம் என்று எழுதியிருந்தால், இன்றைய உலகம் வேறாக இருந்திருக்கலாம்.

சட்டங்கள் இதைச் சரி செய்யாதா?

அமெரிக்காவில் 2010 டிசம்பரில் வந்த விதி, தங்கள் குரல் சேவைக்குப் போட்டியான ஆப்களை மொபைல் நிறுவனங்கள் தடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. 2014-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2015-ல் வலுவான விதி வந்தது, 2017-ல் போனது, 2024-ல் திரும்ப வந்தது, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது. இவை எல்லாமே நான் சொன்ன முதல் இடத்தைப் பற்றியவை.

மூன்றாவது இடத்தைத் தொட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம். 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப், மெசஞ்சர் இரண்டும் 'நுழைவாயில் காப்பாளர்' சேவைகளாக அறிவிக்கப்பட்டன. வேறு சேவை கேட்டால் அவை இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டும். முதலில் தனிநபர் செய்திகள், பிறகு குழுக்கள், நான்கு ஆண்டுகளுக்குள், அதாவது 2027-க்குள், குரல், வீடியோ அழைப்புகள். ஐரோப்பாவுக்கு மட்டும்தான். ஆனால் மறையாக்கத்தோடு (பேசுபவர்களைத் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டோடு) சேவைகளை இணைக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, முடியும் என்று காட்டும் வாய்ப்பு அங்கே உருவாகியிருக்கிறது.

ஸ்கைப் மூடப்பட்டபோது அதன் பயனர்களுக்கு என்ன ஆனது?

2011-ல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கிய ஸ்கைப் 2025 மே 5 அன்று நின்றது. மைக்ரோசாஃப்டின் இன்னொரு சேவையான டீம்ஸுக்கு மாறுங்கள் என்றார்கள். உங்கள் தொடர்புகளை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்தின் சேவைக்குப் போய், அங்கிருந்தே பழைய ஸ்கைப் நண்பர்களைக் கூப்பிட வழி கிடையாது. மின்னஞ்சல் நிறுவனம் மூடினால் முகவரி போகும். ஆனால் மின்னஞ்சல் என்ற ஏற்பாடு போகாது. இங்கே இரண்டும் சேர்ந்து போயின.

அதற்கு முன்பே ஒரு சின்ன எச்சரிக்கை வந்திருந்தது. ஆஸ்டெரிஸ்க் என்ற திறமூல அலுவலகத் தொலைபேசி மென்பொருளோடு ஸ்கைப்பை இணைக்க டிஜியம் நிறுவனம் விற்ற துணைக்கருவி, மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவித்த அதே 2011-ல் விற்பனை நிறுத்தப்பட்டது. சம்மதத்தின் பேரில் கிடைத்த இணைப்பு, சம்மதம் போனதும் போய்விட்டது.

எங்கள் சின்ன அலுவலகத்துக்கு இணையத் தொலைபேசி வாங்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

விற்பவரிடம் நான்கைந்து கேள்விகளை நேராகக் கேளுங்கள். எங்கள் எண்ணை நாளை வேறு நிறுவனத்துக்கு எடுத்துப்போக முடியுமா? நீங்கள் தரும் மேசை போன் மற்ற எஸ்.ஐ.பி. சேவையிலும் ஓடுமா, அல்லது உங்கள் சர்வருக்கே பூட்டப்பட்டதா? அமெரிக்காவில் வோனேஜ் கொடுத்த அடாப்டர்கள் அப்படிப் பூட்டப்பட்டுத்தான் வந்தன. சேவையை நிறுத்தினால் கருவி வெறும் பெட்டி. எஸ்.ஐ.பி. பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி மூன்றையும் எங்களிடம் தருவீர்களா? அழைப்புப் பதிவுகளையும் தொடர்புப் பட்டியலையும் சாதாரண கோப்பாக எடுக்க முடியுமா?

இந்தியாவில் இணைய அழைப்பைப் பொதுத் தொலைபேசி எண்களோடு இணைக்க உரிமம் பெற்ற நிறுவனம்தான் தேவை. நீங்களாகவே ஒரு கேட்வே வைத்து சிம் கார்டுகளைச் செருகி அழைப்புகளை மாற்றிவிடுவது சட்டவிரோதம், அதில் இறங்கவே வேண்டாம். உரிமம் உள்ள நிறுவனத்திடம் எஸ்.ஐ.பி. டிரங்க் (பொதுத் தொலைபேசி எண்களோடு சேர்க்கும் இணையவழி இணைப்பு) வாங்கி, உள்ளே ஆஸ்டெரிஸ்க் அல்லது ஃப்ரீஸ்விட்ச் போன்ற திறமூல மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், கடவுச்சொல்லும் ஃபயர்வாலும் ஒழுங்காக இருக்க வேண்டும்; முதல் மாதம் கொஞ்சம் சிரமம்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், சேவையை நிறுத்தும்போது எண்ணை விட்டுக்கொடுக்க எத்தனை நாள் ஆகும், அதற்குக் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.